ஞாயிற்றுக்கிழமைச் செய்தி நம் வீட்டுக்கு வந்து சேரும் வழி

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகும் சாலையில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். டிவியில் ஒரு மணிச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. வாசித்துக்கொண்டிருந்தது என் சித்தி மகள். சென்னையில் ஒரு செய்தித் தொலைக்காட்சியில் சனி, ஞாயிறு செய்திகள் அவள் பொறுப்பு. என் பக்கத்தில் இருந்த மாமா டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏம்ப்பா, உன் தங்கச்சிதானே அது? நம்ம வாய்க்கால்ல மூணு நாளா உடைப்பு. அதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? யானை குளிக்கிறதை இவ்வளவு நேரம் காட்டுது."

கடையில் இருந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை செய்தியே கிடையாது என்றார் ஒருவர். எல்லாம் நேற்றே எடுத்து வைத்தது என்றார் இன்னொருவர். அவ்வளவையும் எப்படி மனப்பாடம் செய்கிறார்கள் என்று ஒரு பையன் கேட்டான். தினமும் பார்க்கிற ஒன்றைப் பற்றி நமக்கு இவ்வளவு குழப்பம் இருப்பது எனக்கு உறுத்தியது. மாமாவின் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அது போய்ச் சேர வேண்டிய ஆள் என் தங்கை இல்லை. அன்று கடையில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதிப் பார்க்கிறேன்.

ஷட்டர் அருகே நிற்பவர்

மாமா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். லஸ்கர் என்றால் மதகையும் கரையையும் பார்த்துக்கொள்ளும் ஊழியர் என்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஷட்டரை ஏற்றி இறக்குவது அவர் கைதான், ஆனால் எத்தனை கனஅடி விடுவது என்பது அவர் தீர்மானம் இல்லை. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. வெண்ணாற்றில் வருவது நீடாமங்கலம் பக்கத்தில் மூணாறு தலைப்பில் மறுபடியும் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகிறது. தண்ணீர் பிரியும் இடம்தான் தலைப்பு. ஒவ்வொரு தலைப்பிலும் ஒருவர் அளவைத் தீர்மானிக்கிறார். கடைசியில் வாய்க்கால் காய்ந்தால் ஊர் சண்டைக்குப் போவது ஷட்டர் அருகே நிற்கும் லஸ்கரிடம். மாமா அந்த வசவை முப்பது வருஷம் வாங்கியவர்.

செய்தி வாசிப்பாளரும் ஷட்டர் அருகே நிற்பவர்தான். இதைச் சொன்னதும் மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை.

சரி, மேலே இருக்கும் தலைப்புகள் எவை? நம் ஊரில் ஒரு சம்பவம் நடக்கிறது. கொள்முதல் நிலையத்தில் திறந்த வெளியில் அடுக்கியிருந்த நெல் மூட்டைகள் இரவு மழையில் நனைந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அங்கே போகிறவர் ஸ்ட்ரிங்கர். மாதச் சம்பளம் இல்லாமல், அனுப்பும் செய்திக்கு இவ்வளவு என்று பணம் பெறும் உள்ளூர்ச் செய்தியாளருக்கு அந்தப் பெயர். வண்டியை எடுத்துக்கொண்டு போய், நனைந்த மூட்டையை எடுத்து, இரண்டு விவசாயிகளைப் பேச வைத்து, அலைபேசியிலேயே அனுப்பிவிடுவார்.

அது போய்ச் சேரும் இடம் அசைன்மென்ட் டெஸ்க். எந்தச் செய்தியை எடுப்பது, யாரை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்யும் மேசை அது. கல்லணை மாதிரி முதல் பெரிய பிரிப்பு இங்கேதான் நடக்கிறது. அதைத் தாண்டி வந்தவற்றை ஒரு செய்தித் தயாரிப்பாளர் எடுத்து ரன்டவுன் போடுகிறார். எந்தச் செய்தி முதலில், எது பின்னால், ஒவ்வொன்றும் எத்தனை விநாடி என்ற பட்டியல்தான் ரன்டவுன். வாசிக்க வேண்டிய வரிகளை எழுதுபவர் துணை ஆசிரியர்.

இந்தப் பட்டியலில் இடம் எவ்வளவு குறைவு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். இந்தியத் தொலைக்காட்சி விதிப்படி ஒரு மணி நேரத்தில் விளம்பரம் 12 நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. அந்தக் கணக்கில் அரை மணிச் செய்தியில் கையில் இருப்பது 24 நிமிஷம். தலைப்புச் செய்தி, வானிலை, விளையாட்டு எல்லாம் போக இருபது செய்திக்கு இடம் கிடைத்தால் அதிகம். தமிழ்நாட்டில் மாவட்டங்களே 38. டெல்லி இருக்கிறது, உலகம் இருக்கிறது. நம் வாய்க்கால் அந்த வரிசையில்தான் நிற்கிறது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: ஸ்ட்ரிங்கர் கொண்டுவருகிறார், டெஸ்க் எடுக்கிறது, தயாரிப்பாளர் வரிசைப்படுத்துகிறார், துணை ஆசிரியர் எழுதுகிறார், வாசிப்பாளர் நம்மிடம் சொல்கிறார். திரையில் முகம் தெரிவது கடைசி ஆளுக்கு மட்டும்.

சனி, ஞாயிறு என்றால் ஊற்று மாறிவிடும்

ஞாயிற்றுக்கிழமை செய்தியே கிடையாது என்பது பாதி உண்மை. வார நாளில் செய்தி ஊறும் இடங்கள் பெரும்பாலும் அலுவலகங்கள். நீதிமன்றம், தலைமைச் செயலகம், சட்டமன்றம், பங்குச் சந்தை எல்லாவற்றுக்கும் நேரம் குறித்த நடவடிக்கை உண்டு. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள். எங்கே, எத்தனை மணிக்கு, என்ன கிடைக்கும் என்று டெஸ்க்குக்கு முன்னாலேயே தெரியும். காவிரி வழக்கில் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2018 பிப்ரவரி 16, வெள்ளிக்கிழமை. அந்த வாரத்தில் அது ஞாயிற்றுக்கிழமை வருவதற்கு வழியே இல்லை.

வார இறுதியில் இந்த ஊற்றுகள் மூடிவிடும், ஆனால் வேறு சில திறக்கும். கூட்டம் சேர்க்க வேண்டிய காரியங்கள் எல்லாம் சனி, ஞாயிறுக்கு வருகின்றன. கட்சி மாநாடு, அடிக்கல் நாட்டு விழா, திறப்பு விழா. பிரதமரின் மனதின் குரல் வருவது மாதத்தின் கடைசி ஞாயிறு காலை 11 மணிக்கு. நம் டெல்டாவுக்கே பெரிய செய்தி ஒன்று ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது. காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக அறிவிக்கப்போவதாக அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி சொன்னது 2020 பிப்ரவரி 9, ஞாயிறு. சேலம் மாவட்டம் தலைவாசலில் ஒரு விழா மேடையில் சொன்னார். 2021ல் மேட்டூர் அணை திறப்பு ஜூன் 12, சனிக்கிழமை அமைந்தது. அப்புறம் விபத்து, மழை, புயல். இவற்றுக்குக் கிழமை கிடையாது.

ஊற்று மாறுவது ஒரு பக்கம் என்றால், அள்ளிவரும் கைகள் குறைவது இன்னொரு பக்கம். செய்தி நிறுவனத்திலும் வார விடுமுறை உண்டு. வார நாளில் பத்துப் பேர் உட்காரும் மேசையில் ஞாயிறு காலை நாலைந்து பேர் இருப்பார்கள். அதனால் வெள்ளிக்கிழமைக்குள்ளேயே சில தொகுப்புகளை எடுத்து முடித்து வைத்துவிடுகிறார்கள். இன்று போட்டாலும் நாளை போட்டாலும் கெட்டுப்போகாத செய்திகள் அவை. கும்பகோணம் வெற்றிலை, நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, தலைமுடியை பாப் வெட்டிக்கொண்ட மன்னார்குடி கோயில் யானை செங்கமலம். மாமா பார்த்துக் கோபப்பட்டது இப்படி ஒன்றைத்தான்.

இதில் எனக்கு முக்கியமாகப் படும் விஷயம் வேறு. சென்னையின் பெரிய ஊற்றுகள் மூடியிருக்கும் நாளில் ரன்டவுனில் இடம் காலியாகிறது. தலைமடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிய நாளில் கடைமடைக்குத் தண்ணீர் எட்டுவது மாதிரி, தலைஞாயிறு, வேதாரண்யம், முத்துப்பேட்டைச் செய்திகளுக்கு வாய்ப்பு அதிகம் உள்ள நாள் ஞாயிறுதான். ஆனால் அதே நாளில்தான் அதை எடுக்கவும் சரிபார்க்கவும் ஆள் குறைவு. வாய்ப்பும் தட்டுப்பாடும் ஒரே நாளில் வருகின்றன.

சரிபார்ப்பது என்றேன், அதுதான் பல ஊர்ச் செய்திகள் மாட்டிக்கொள்ளும் இடம். வாய்க்கால் உடைந்தது என்று ஊர்க்காரர் சொன்னால் போதாது. துறை அதிகாரி என்ன சொல்கிறார் என்றும் கேட்க வேண்டும். அது நல்ல முறை, அதை விட்டுவிடவும் கூடாது. ஞாயிற்றுக்கிழமை அந்த அதிகாரியின் போன் அடித்துக்கொண்டே இருக்கும். பதில் கிடைக்காத செய்தி டெஸ்க்கில் காத்திருக்கும். திங்கட்கிழமை பதில் வரும்போது நீதிமன்றமும் தலைமைச் செயலகமும் திறந்துவிடும்.

சுருக்கமாக: ஞாயிறு காலியாகத் தெரிவதற்கு, செய்தி தரும் இடங்கள் மூடுவது ஒரு காரணம், எடுப்பவர்கள் குறைவது இன்னொரு காரணம். ஒன்றும் நடக்கவில்லை என்று அதற்குப் பொருள் இல்லை.

கண்ணாடியில் ஏறும் எழுத்து

இனி அந்தப் பையன் கேட்ட மனப்பாடக் கேள்வி. போன வருஷம் ஒரு சனிக்கிழமை இரவு தங்கையோடு ஸ்டுடியோவுக்குப் போய் ஓரமாக நின்று பார்த்தேன்.

இருட்டிய பிறகு பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்போம். கண்ணாடியில் நம் முகம் தெரியும், அதே கண்ணாடி வழியே வெளியே கடைகளின் விளக்கும் தெரியும். ஒரே கண்ணாடி பிரதிபலிக்கவும் செய்கிறது, ஒளியை விடவும் செய்கிறது. டெலிபிராம்ப்டர் என்பது இந்த ஒரு விஷயத்தை வைத்துச் செய்த கருவி. கேமரா லென்ஸுக்கு நேர் முன்னால் ஒரு கண்ணாடி 45 டிகிரி சாய்ந்திருக்கிறது. அதன் கீழே ஒரு திரை வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கிறது. திரையில் எழுத்து இடவலம் திருப்பிப் போட்டு ஓடுகிறது. கண்ணாடியில் பட்டதும் அது நேராகிவிடும். தங்கை பார்ப்பது அந்த எழுத்தை. எழுத்துக்குப் பின்னால் இருட்டில் இருக்கும் லென்ஸ் அவளைப் பார்க்கிறது. அவள் கண் எழுத்தில் இருக்க, நமக்கு அவள் நம்மையே பார்ப்பது போலத் தெரிகிறது.

எழுத்தை ஓட்டுவது இயந்திரம் என்று நினைத்திருந்தேன். அங்கே ஒரு தம்பி சிறிய சக்கரம் ஒன்றில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் மெதுவாகப் படித்தால் அவன் விரலும் மெதுவாகும். அவள் மூச்சு வாங்கினால் எழுத்து நிற்கும். பாட்டும் மிருதங்கமும் போல இருவரும் ஒருவரையொருவர் பின்பற்றுகிறார்கள்.

ஒரு நேரத்தில் கண்ணாடியில் தெரிவது நாலைந்து வரி. ஒரு வரிக்கு மூன்று, நான்கு சொல். இங்கேதான் தமிழுக்கென்று ஒரு சங்கடம் உண்டு. நம் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. நீளமான வாக்கியமாக எழுதியிருந்தால், அவள் தொடங்கும்போது வினை இன்னும் கண்ணாடியில் ஏறியே இருக்காது. நடந்ததா, நடக்கவில்லையா, நடந்ததாகச் சொல்கிறார்களா என்று தெரியாமலே குரலை எடுக்க வேண்டியிருக்கும். சில நேரம் சோகச் செய்தியைச் சாதாரணக் குரலில் தொடங்கிவிட்டு நடுவில் தடுமாறுவதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அது எழுதியவர் வாக்கியத்தை நீட்டியதால் வந்த தடுமாற்றம். தங்கை முன்கூட்டியே தாளை வாங்கி, நீளமான வாக்கியங்களை இரண்டாக உடைத்துத் தரச் சொல்லி எழுதியவரிடம் நிற்பாள். அன்றைக்கும் "மேட்டூர் அணையின் நீர்மட்டம்" என்று தொடங்கிய ஒரு வாக்கியத்தை அப்படி உடைக்க வைத்தாள். அந்தத் தாள் வாசிக்கும்போதும் மேசையில் இருக்கும். கண்ணாடி நின்றுபோனால் அதுதான் கை கொடுக்கும்.

தாளை மட்டும் நம்பிய காலம் ஒன்று இருந்தது. நம் வீடுகளில் செய்தி என்றால் முதலில் வானொலிதான். திருச்சி வானொலி நிலையம் 1939லேயே வந்துவிட்டது. டெல்லியிலிருந்து சரோஜ் நாராயணசாமியின் குரல் வரும் நேரத்தை வைத்தே சமையல் நடந்த வீடுகள் உண்டு. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 தொடங்கியது. ஷோபனா ரவி போன்றவர்கள் வாசித்தபோது செய்தி என்பது நாளின் ஒரு குறிப்பிட்ட நேரம். 1993ல் சன் டிவி வந்து, பிறகு முழுநேரச் செய்தித் தொலைக்காட்சிகள் வந்த பிறகு அது நாள் முழுவதும் ஓடும் ஆறாகிவிட்டது. அதனால்தான் ஞாயிறு பகலில் ஒரே செய்தி மணிக்கு மணி திரும்ப வருகிறது. ஒவ்வொரு மணிக்கும் புதிதாக உட்காருபவருக்காக அதை மறுபடி வைக்கிறார்கள்.

காதுக்குள் ஓடும் பேச்சு

கோயில் திருவிழா மேடையில் ஒருவர் மைக்கில் பேசிக்கொண்டிருப்பார். பின்னாலிருந்து இன்னொருவர் காதோரம் வந்து "சிறப்பு விருந்தினர் வந்துட்டார்" என்பார். பேசுகிறவர் பேச்சை விடாமல் தலையை மட்டும் ஆட்டுவார். செய்தி வாசிப்பாளருக்கு இது அரை மணி நேரமும் நடக்கிறது. காதில் உள்ள சிறு கருவி வழியே கட்டுப்பாட்டு அறையிலிருந்து வரும் இந்தப் பேச்சுக்கு டாக்பேக் என்று பெயர்.

அன்று எனக்கும் ஒரு ஹெட்போன் கொடுத்தார்கள். "அடுத்தது தவிர்க்கிறோம்." "நாகை லைன் கிடைக்கலை, மழைக்குப் போ." "பத்து விநாடி இழு." இதையெல்லாம் கேட்டபடி அவள் தஞ்சாவூரில் நடந்த ஒரு விபத்தைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தாள், குரலில் ஒரு சலனமும் இல்லாமல். எனக்குத்தான் உள்ளங்கை வேர்த்தது.

இந்த இடத்தில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். எழுதியதை வாசிப்பவர் செய்தி வாசிப்பாளர். விருந்தினரிடம் கேள்வி கேட்டு விவாதத்தை நடத்துபவர் நெறியாளர். வார நாள் இரவுகளில் பெரும்பாலும் இவர்கள் வேறு வேறு ஆட்கள். வார இறுதியில் ஆள் குறைவு என்பதால் ஒருவரே இரண்டும் செய்ய நேரும்.

வார இறுதி நாற்காலி

சனி, ஞாயிறு மட்டும் ஏன் வேறு முகம்? விடுமுறைச் சுழற்சி ஒரு காரணம். பழக்கும் களம் என்பது இன்னொன்று. அமெரிக்காவில் என்.பி.சி. தொலைக்காட்சியின் இரவுச் செய்தியை லெஸ்டர் ஹோல்ட் 2007 முதல் வார இறுதிகளில்தான் வழங்கினார். 2015ல்தான் வார நாள் நாற்காலி அவருக்கு வந்தது. உலகம் முழுக்க இது பழகிய பாதை. அதனால் வார இறுதி முகம் என்றால் இரண்டாந்தரம் என்று ஓர் எண்ணம் நம்மிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த எண்ணம் தவறு என்று காட்ட நம் கடற்கரையே போதும். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள், வேளாங்கண்ணியில் கூட்டம். சுமத்ரா அருகே நிலம் அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.29க்கு. நாகப்பட்டினம் கரையைக் கடல் அடித்தது 9 மணி வாக்கில். இடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. ஆனால் இந்தியப் பெருங்கடலில் அன்று சுனாமி எச்சரிக்கை அமைப்பு கிடையாது. ஹைதராபாத்தில் அந்த மையம் வந்தது 2007ல். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள்.

எங்கள் வீட்டில் அன்று காலை "கடல் உள்ளே வந்துடுச்சாம்" என்றுதான் செய்தி வந்தது. சுனாமி என்ற சொல்லையே அன்றுதான் எங்களில் பலர் முதல் முறையாகக் கேட்டோம். வேளாங்கண்ணிக்குப் போயிருந்த எதிர்வீட்டுக்காரர்களைப் பற்றித் தகவல் தெரியாமல் தெருவே டிவி முன்னால் நின்றது. மாலை அவர்கள் திரும்பி வந்தார்கள். அப்படி வராதவர்களுக்காக நின்ற தெருக்கள் எத்தனை.

பேரிடர் நேரும்போது அந்த நாற்காலியில் இருப்பவர் யாரோ, அவர்தான் அன்று அந்த ஊருக்குச் சொல்ல வேண்டியவர். முன்கூட்டி எழுதிய வரி எதுவும் உதவாது. பிராம்ப்டர் காலியாக இருக்கும், காதில் வருவதை மட்டும் வைத்து, உறுதியானதையும் ஆகாததையும் பிரித்துச் சொல்ல வேண்டும். எண்ணிக்கையைக் கூட்டிச் சொன்னால் பீதி கிளம்பும். தயங்கினால் எச்சரிக்கை தாமதமாகும். அதற்கான ஆள் ஞாயிறன்றும் அங்கே இருந்தாக வேண்டும். வார இறுதிக்குப் பயிற்சி குறைந்தவரைத் தனியாக விட்டுவிடும் நிறுவனங்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நேரலையும் அந்த இடைவெளியும்

எல்லாம் நேற்றே எடுத்தது என்ற சந்தேகத்துக்குச் சுருக்கமான பதில்: வாசிப்பு பெரும்பாலும் நேரலை, காட்டும் படங்களில் பெரும்பகுதி முன்னால் எடுத்தவை. செய்தியாளர் சம்பவ இடத்தில் நின்று பேசும்போது கேள்வி கேட்டதும் ஒரு நொடி விழித்துக்கொண்டு நிற்பாரே, அது ஏன் என்று மட்டும் சொல்கிறேன்.

ஆற்றின் அக்கரையில் ஒருவர் துணி துவைப்பதைப் பாருங்கள். துணி கல்லில் விழுவது முதலில் தெரியும், சத்தம் அப்புறம் வரும். நேரலையின் படமும் குரலும் போய் வரும் செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒளியின் வேகத்தில் போனாலும் மேலே ஏறி இறங்கக் கால் விநாடி ஆகிவிடும். கருவிகள் எடுத்துக்கொள்ளும் நேரமும் சேர்ந்து இடைவெளி கூடுகிறது. செய்தியாளர் கேள்விக்காகக் காத்திருக்கிறார், அவ்வளவுதான்.

செயற்கைக்கோளுக்குக் கூரையில் தட்டு வைத்த ஓ.பி. வேன் வேண்டும். அது செலவு பிடித்த வண்டி. இப்போது பெரும்பாலும் முதுகுப்பையில் ஒரு கருவியை வைத்து அனுப்புகிறார்கள். பல சிம் கார்டுகளைச் சேர்த்து, சாதாரண அலைபேசிக் கோபுரங்கள் வழியாகவே அது படத்தை அனுப்பும். வயலுக்குள்ளே வரப்பில் நின்றுகூட நேரலை தரலாம், கோபுரம் வேலை செய்கிற வரைக்கும்.

செய்தி வராத ஊர்

கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது 2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை அதிகாலை. அடுத்து வந்தது சனி, ஞாயிறு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்திருந்தன. அலைபேசி எடுக்கவில்லை. சாலை முழுக்க மரங்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு படுத்திருந்தன. இருபது, முப்பது வருஷம் பிள்ளை போல வளர்த்த மரங்கள் அவை.

முதுகுப்பைக் கருவிக்குக் கோபுரம் வேண்டும், ஸ்ட்ரிங்கரின் அலைபேசிக்குச் சார்ஜ் வேண்டும், வண்டிக்குச் சாலை வேண்டும். மூன்றுமே இல்லாத ஊரிலிருந்து படம் எப்படி வரும்? கார் போக முடிந்த இடம் வரைக்கும் போனவர்கள் அந்த இடத்தைக் காட்டினார்கள். பார்த்தவர்கள் அதுதான் மொத்தச் சேதம் என்று எடுத்துக்கொண்டார்கள். உள்ளே இருந்த கிராமங்கள் இருட்டில் கிடந்தன. யாரும் நம்மைத் திரும்பிப் பார்க்கவில்லை என்ற வலி இந்தப் பக்கத்தில் இன்னும் ஆறவில்லை. அது நியாயமான வலி.

இதை ஒவ்வொரு புயலின்போதும் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். புயல் கடந்த பிறகு திரையில் எந்த ஊர் வருகிறது என்பதைவிட எந்த ஊர் வரவில்லை என்று பாருங்கள். படம் வராத ஊரில்தான் கோபுரமும் கம்பமும் சாய்ந்திருக்கும், உதவி முதலில் போக வேண்டியதும் அங்கேதான்.

டி.ஆர்.பி. பற்றியும் ஒரு வார்த்தை. எந்த நிகழ்ச்சியை எவ்வளவு பேர் பார்க்கிறார்கள் என்று மாதிரி வீடுகளில் கருவி வைத்துப் போடும் மதிப்பீடு அது. நாட்டில் டிவி இருக்கும் கோடிக்கணக்கான வீடுகளுக்காகச் சில பத்தாயிரம் வீடுகள் பேசுகின்றன. விளம்பரப் பணம் அதைப் பின்தொடர்வதால், எதற்கு எத்தனை விநாடி என்ற முடிவிலும் அதன் பாரம் இருக்கிறது.

மாமாவின் வாய்க்கால்

அன்று டீக்கடையிலிருந்து எழுந்ததும் எங்கள் பக்கத்து ஸ்ட்ரிங்கரிடம் மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன். செய்தியை அவர் சனிக்கிழமையே அனுப்பியிருந்தார். அதிகாரியின் பதில் இல்லை என்று டெஸ்க்கில் நின்றிருந்தது. மாமா அவரை வண்டியில் ஏற்றி, உடைப்பு எந்த மதகுக்குக் கீழே, எத்தனை அடி, எந்தப் பக்கத்து வயல்களில் தண்ணீர் நிற்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். அலைபேசியைப் படுக்கை வசமாகப் பிடித்து எடுத்தார்கள். தேதியும் இடமும் மாமாவே பேசிப் பதிவானது. திங்கட்கிழமை பொறியாளரின் பதில் கிடைத்தது. செவ்வாயிலிருந்து சென்னை மழை ரன்டவுனை எடுத்துக்கொண்டது. இடையில் ஊர்க்காரர்களே சவுக்குக் கம்பு ஊன்றி, மணல் மூட்டை அடுக்கி உடைப்பை அடைத்தார்கள். நிரந்தரச் சுவர் வேண்டும் என்ற கோரிக்கை மட்டும் நின்றது.

அடுத்த ஞாயிறு ஒரு மணிச் செய்தியில் அது வந்தது. ஏதோ ஒரு நேரலை லைன் கிடைக்காமல் போய், அந்த இடத்தில் இதை வைத்திருக்கிறார்கள். நாற்பது விநாடி. தங்கை சாயங்காலம் போன் செய்தாள். "அண்ணா, எழுத்து மேலே ஏறினப்புறம்தான் நம்ம வாய்க்கால்னு தெரிஞ்சுது. படிக்கும்போது ஒண்ணும் தெரியலையே?" என்று கேட்டாள். ஒன்றும் தெரியவில்லை என்றேன்.

மாமா அன்று கடையில் அதே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். வழியில் என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினார். "வாய்க்கால் பேரைச் சரியாச் சொல்லிச்சுப்பா" என்றார்.